நோயெதிர்ப்பு: இயற்கையின் கொடையா, ஏழையின் வரியா?

கொரோனாப் பெருந்தொற்று தணிந்து ஆண்டுகள் சில கடந்துவிட்டன. அது எழுப்பிய வாதப் பிரதிவாதங்கள் இன்னும் தணியவில்லை. தடுப்பூசி உண்மையிலேயே வேண்டியிருந்ததா? உடம்பு தானாகவே தேடிக்கொள்ளும் இயற்கை எதிர்ப்பாற்றல் போதாதா? ஊரடங்கும் கட்டாய விதிகளும் மக்களைக் காத்தனவா, அடக்கினவா? ஆசிரியர் அறையிலும் தேநீர்க் கடையிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் இவ்வினாக்கள் இன்றும் எழுகின்றன. மற்ற விஷயங்களில் ஒருமித்து நிற்கும் முற்போக்காளர்கூட இவ்விஷயத்தில் இரு கூறாகப் பிரிந்து வாதிடுவதைக் காண்கிறோம்.

ஒரு சாரார் கூறுவது இது: விஞ்ஞானம் தீர்ப்புக் கூறிவிட்டது, அரசு அதனை நிறைவேற்றியது, ஐயுற்றோர் அறியாதார், அவர்களோடு பேசிப் பயனில்லை. மறு சாரார் கூறுவது இது: மருந்துக் கம்பனிகள் இலாபத்துக்காக இயங்குபவை, அரசு அடக்குமுறைக் கருவி, அவ்விரண்டும் கைகோத்துத் தரும் ஊசியை நம்பவேண்டியதில்லை, இயற்கை தரும் எதிர்ப்பாற்றலே மேலானது. முதற் கூற்றில் அதிகாரத்துக்குத் தலைவணங்கும் மனப்பான்மை இருக்கிறது. இரண்டாவதில் கலகத்தின் தொனி இருக்கிறது. ஆயின் அதன் முடிவோ கலகக்காரர் எவரும் விரும்பாத இடத்துக்கு நம்மை இட்டுச்செல்கிறது. இவ்விரு கூற்றுக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விவாதத்தில் பெரும்பாலும் எவரும் கேளாத ஒரு கேள்வி உண்டு. எதிர்ப்பாற்றல் இலவசமாகக் கிடைப்பதில்லை. அதற்குரிய விலையைக் கொடுப்பவர் யார்?

மண்ணீரலில் எழுதிய வரலாறு

இயற்கை எதிர்ப்பாற்றல் பொய்யன்று. ஒருமுறை பெரியம்மை கண்டு பிழைத்தவனை அது மறுமுறை தீண்டுவது அரிது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கொரோனா நோயிலும், ஒருமுறை தொற்றிப் பிழைத்தவருக்குக் கணிசமான பாதுகாப்பு ஏற்பட்டதை ஆய்வுகள் காட்டின. இதை ஒப்புக்கொள்ளத் தயங்கும் தடுப்பூசி ஆதரவாளர் விஞ்ஞானத்துக்கு நன்மை செய்பவரல்லர். ஆனால் 'பிழைத்தவர்' என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். இயற்கை எதிர்ப்பாற்றலின் பெருமையைப் பேசுவோர் யாவரும் பிழைத்தவர்களே. மற்றவர்கள் வாதிட வரமாட்டார்கள்.

இதற்கு உலகெங்கும் சென்று சான்று தேடவேண்டியதில்லை. இலங்கையின் மலேரியா வரலாறே போதும்.

1934 ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆண்டு முழுவதும் நீரோடும் ஈரவலயத்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அக்குட்டைகளிற் பெருகியது. அக்டோபரில் தொடங்கிய காய்ச்சல், சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நாட்டின் மொத்த மக்கள்தொகை அன்று ஏறத்தாழ 55 இலட்சம் என்பதை நினைவிற் கொண்டால் அவ்வெண்ணின் கனம் விளங்கும். 1935 இல் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. கேகாலை, குருநாகல் மாவட்டங்களே பெரிதும் பாழாயின.

இங்கே ஒரு வினா எழுகிறது. மலேரியா காலங்காலமாகக் குடிகொண்டிருந்தது வடக்கிலும் கிழக்கிலும் வடமத்தியிலும், புத்தளம் உள்ளிட்ட உலர்வலயத்திலும் அல்லவா? அங்கெல்லாம் இத்தகைய பேரழிவு நேராமல், நோய் அருகிக் காணப்பட்ட ஈரவலயத்தில் ஏன் நேர்ந்தது? வைத்தியர்கள் தந்த விடை இதுதான்: உலர்வலயத்து மக்கள் ஆண்டுதோறும் காய்ச்சலுக்கு ஆளாகி ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர், ஈரவலயத்தாருக்கு அது இருக்கவில்லை.

இயற்கை எதிர்ப்பாற்றலுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. அதன் அன்பர்கள் இவ்வரலாற்றை எடுத்துக் கையாளலாம். ஆனால் அந்த எதிர்ப்பாற்றல் எவ்வாறு வந்தது என்பதையும் அவர்கள் சொல்லியாக வேண்டும். உலர்வலயக் கிராமங்களில் மலேரியாவின் அளவை அன்றைய வைத்தியர்கள் கண்டறிந்தது பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்துத்தான். மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுவதே கணக்கெடுக்கும் முறை. அப்பிள்ளைகள் சோகை பிடித்து, வயிறு பெருத்து, கைகால் மெலிந்து, வகுப்பறையிற் சோர்ந்திருந்தனர். பாடசாலைக்கு வரும் வயதை எட்டாமலே மடிந்தோர் பலர். இலங்கையில் சிசு மரணம் மிக உயர்ந்திருந்த மாவட்டங்கள் அந்நாளில் இந்த உலர்வலய மாவட்டங்களே. வளர்ந்தோர் பெற்ற எதிர்ப்பாற்றலுக்கு உரிய கிரயத்தைச் செலுத்தியவர்கள் இக்குழந்தைகள். இயற்கை அதனை எவருக்கும் கொடையாகத் தரவில்லை. தலைமுறை தலைமுறையாக ஏழைக் குடிசைகளிலிருந்து வரியாக அறவிட்டது.

இனி இவ்வரலாற்றின் மறுபாதியைப் பார்ப்போம். 1940களின் நடுப்பகுதியிலிருந்து டி.டி.ரி தெளிப்பு நாடெங்கும் நடைபெற்றது. 1963 இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. பின்னர் கவனம் தளர்ந்தது; அறுபதுகளின் பிற்பகுதியில் நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. மறுபடியும் தொடங்கிய உழைப்பு, போர்க்காலத்தையும் கடந்து நீடித்தது. 2012 அக்டோபருக்குப் பின் உள்ளூரிற் தொற்றிய நோயாளர் எவரும் இல்லாமையால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. இவ்வெற்றி தடுப்பூசியால் வந்ததன்று. வீடு வீடாகச் சென்று மருந்து தெளித்த தொழிலாளர், இரத்தப் பரிசோதனை செய்த ஊழியர், நுளம்புக் குடம்பி தேடிக் குளங்குட்டை அலைந்தவர் ஆகியோரின் கூட்டுழைப்பால் வந்தது.

இன்று தலவிலக் கரையில் வளரும் ஒரு பிள்ளைக்கு மலேரியாவை எதிர்க்கும் இயற்கை ஆற்றல் கிடையாது. அவளுடைய பூட்டிக்கு அது இருந்தது. அந்த ஆற்றல் போயிற்றே என்று ஏங்கும் தாய் எவளேனும் உண்டா? நோயோடு வாழ்ந்து எதிர்ப்பாற்றல் பெறுவதைவிட, எதிர்ப்பாற்றலே தேவைப்படாதபடி நோயை விரட்டுவது மேலான நாகரிகம் என்பதை எந்தச் சித்தாந்தியின் உதவியுமின்றி அத்தாய் அறிந்திருக்கிறாள். அறுபதுகளின் பின்னடைவும் ஒரு பாடம்: சமுதாயம் உழைத்துப் பெற்ற பாதுகாப்பை, சமுதாயமே உழைத்துக் காத்துக்கொள்ள வேண்டும்.

வாடியில் யாரைப் பிரித்து வைப்பது?

இயற்கை எதிர்ப்பாற்றல் வாதம் நம் காலத்தில் அறிஞர்களின் கையொப்பத்தோடும் வந்தது. 2020 அக்டோபர் 4 ஆம் திகதி, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், கிரேட் பாரிங்டன் பிரகடனம் என்ற அறிக்கை வெளியாயிற்று. மார்ட்டின் குல்டோர்ஃப், சுனேத்ரா குப்தா, ஜே பட்டாச்சார்யா ஆகிய மூன்று பேராசிரியர்கள் அதனை வரைந்தனர். சுதந்திரச் சந்தைக் கொள்கையைப் பரப்பும் ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனத்தில் அது தயாராயிற்று. முதியோரையும் நோயாளரையும் பிரித்துப் பாதுகாத்துவிட்டு, ஏனையோர் வழக்கம்போல் வாழ்ந்து தொற்றின் மூலம் எதிர்ப்பாற்றல் பெறட்டும் என்பதே அதன் சாரம்.

ஊரடங்கு ஏழைகளை நசுக்கியது என்று அவ்வறிக்கை சுட்டியது உண்மையே. 2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை இங்கு ஊரடங்கு வந்தபோது, அன்றாடம் உழைத்து உண்போரின் அடுப்பு எவ்வாறு அணைந்தது என்பதை நாம் கண்டோம். கொழும்பு, கம்பஹா, களுத்துறை, கண்டி, யாழ்ப்பாணம் ஆகியவற்றோடு புத்தளமும் அபாய வலயமாகக் கணிக்கப்பட்டு நெடுநாள் மூடிக்கிடந்தது. ஆனால் பிரகடனம் காட்டிய மாற்றுவழி யாருடைய வீட்டை மனத்திற்கொண்டு எழுந்தது? கற்பிட்டித் தீபகற்பத்தில் ஒரு மேல்காற்றுப் பக்கமோ களப்புப் பக்கமோ சென்று ஒரு மீன்வாடியைப் பாருங்கள். கிடுகு வேய்ந்த ஒற்றை அறை. அதில் கரைவலை இழுப்பவன், கருவாடு உலர்த்தும் அவன் மனைவி, பள்ளிப் பிள்ளைகள், இருமும் கிழவி. இவர்களுள் யாரைப் பிரித்து எங்கே வைப்பது? தனியறையும் குளியலறையும் வீட்டு வாசலுக்கு வந்துசேரும் உணவும் உள்ளோருக்கே அத்திட்டம் பொருந்தும். ஏனையோர் 'வழக்கம்போல் வாழ்வது' என்பதன் பொருள், வேலைக்குப் போய் நோயை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதே.

இது வெறும் ஊகமன்று. பிரசில் நாட்டின் மனாவுஸ் நகரில் 2020 இல் தொற்றுத் தடையின்றிப் பரவியது. அவ்வாண்டு அக்டோபருக்குள் நகரமக்களில் முக்காற்பங்கினருக்குத் தொற்றிவிட்டதென ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இனி அந்நகருக்கு அபாயமில்லை என்று பலர் எண்ணினர். 2021 ஜனவரியில் புதிய திரிபு வந்தது. வைத்தியசாலைகளில் ஒட்சிசன் தீர்ந்து நோயாளர் மூச்சுத் திணறி மாண்டனர். உறவினர் ஒட்சிசன் உருளைகளைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தனர். தடுப்பூசியின்றித் தொற்றையே நம்பிய கொள்கையின் விலை அது.

இங்கும் 2021 ஆகஸ்டிலும் செப்டெம்பரிலும் டெல்டாத் திரிபால் நாளொன்றுக்கு இருநூறு பேரளவில் மாண்ட நாட்கள் இருந்தன. அவர்களுட் பெரும்பாலோர் முதியோர், ஊசி பெறாதோர். அவ்வாண்டு முடிவதற்குள் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரு தடவை ஊசி பெற்றனர். அதன்பின் ஒமிக்ரோன் அலை வந்தபோது தொற்று ஓங்கியும் சாவு அவ்வாறு ஓங்கவில்லை. அப்போது மக்கள் பெற்றிருந்த பாதுகாப்பில் முந்திய தொற்றுக்கும் பங்குண்டு, ஊசிக்கும் பங்குண்டு. வேறுபாடு இதுதான்: ஒன்று சாவைக் கட்டணமாகக் கேட்டது; மற்றது பெரும்பாலோரிடம் ஓரிருநாள் காய்ச்சலையும் கைவலியையும் கேட்டது.

அவநம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு

அப்படியாயின் மக்கள் ஏன் ஐயுற்றனர்? 'அறியாமை' என்று ஒரே சொல்லில் விடைகூறித் தப்பித்துக்கொள்வது படித்தவர்களின் வழக்கம். வரலாறு வேறு விடை தருகிறது.

தடுப்பூசியின் தாயகமான இங்கிலாந்திலேயே அதற்கு வன்மையான எதிர்ப்பு எழுந்தது. ஜென்னர் 1796 இல் பசு அம்மைப்பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறையைக் காட்டினார். 1853 இல் குழந்தைகளுக்குப் பால் கட்டுவது சட்டப்படி கட்டாயமாயிற்று. அதனை நடைமுறைப்படுத்தியவர்கள் எவர்? ஏழைகளை வேலைச்சிறைகளில் அடைத்து வைத்த ஏழைச் சட்டத்தின் நிருவாகிகள். மறுத்தோருக்கு மீண்டும் மீண்டும் அபராதம் விதித்தனர். கட்டமுடியாத தொழிலாளியின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பறித்தனர். 1885 இல் லெஸ்டர் நகரில் பல்லாயிரவர் திரண்டு ஊர்வலம் சென்றனர். மருத்துவம் பற்றி அவர்கள் கூறியவற்றுட் பல பிழையானவை. ஆனால் ஊசியை ஏந்திவந்த கை, நேற்றுவரை தம்மை அடித்த கை என்பதை அவர்கள் சரியாகவே கண்டனர். 1898 இல் மனச்சாட்சியின்பேரில் மறுப்போருக்குச் சட்டம் விலக்களித்தது.

தமிழகத்தில் நேர்ந்தது இன்னும் சுவையானது. இலக்கிய மாணவர் அறிந்திருக்கவேண்டியது. சென்னையிற் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரையை நாம் திருக்குறளுக்கு விளக்கம் எழுதியவராகவும், திராவிட மொழிகள் தனியொரு குடும்பம் என்பதை 1816 இல் எடுத்துக்காட்டியவராகவும் அறிவோம். அம்மைப்பாலை மக்கள் ஏற்கவேண்டும் என்ற நோக்கத்தோடு, அம்மனே தன்வந்திரிக்குப் பசு அம்மையின் மகிமையை உபதேசிப்பதாக ஒரு கதையை அவர் புனைந்தார். வடமொழியிலும் செய்யுள் இயற்றிப் பழைய தாளில் எழுதிப் பழஞ்சுவடிபோலக் காட்டினார் என்ற குறிப்பும் உண்டு. அவர் காலத்திலேயே, 1819 ஜனவரியில், 'மெட்ராஸ் கூரியர்' இதழில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரோடு ஒரு கடிதம் வெளிவந்தது. பண்டை இந்திய நூலொன்றில் அம்மைப்பால் கட்டும் முறை கூறப்பட்டுள்ளது என்று அது அறிவித்தது. அச்செய்தி ஐரோப்பாவரை சென்று நூலுக்கு நூல் ஏறியது. பண்டை இந்தியர் ஜென்னருக்கு முன்பே தடுப்பூசியைக் கண்டனர் என்ற பெருமைப் பேச்சுக்கு அதுவே வித்தாயிற்று. 1987 இல் டொமினிக் வுஜாஸ்டிக் என்ற ஆராய்ச்சியாளர் இதன் மூலத்தை ஆராய்ந்து, நல்லெண்ணத்தோடு செய்த மோசடி என விளக்கினார்.

எல்லிஸ் தமிழை நேசித்தவர் என்பதில் ஐயமில்லை. அவர் பரப்ப முனைந்த மருந்தும் மெய்யான மருந்தே. எனினும் அவர் செயலின் அடியில் இருந்த எண்ணத்தை நாம் ஆராயாமல் விடலாகாது. இம்மக்களுக்குக் காரணம் சொன்னால் விளங்காது. அம்மன் சொன்னாள் என்றால்தான் கேட்பர் என்பதே அவ்வெண்ணம். ஆளுவோன் ஆளப்படுவோரைப் பார்க்கும் பார்வை அது. அதன் விளைவும் கவனிக்கத்தக்கது. மெய்யைப் பரப்பப் புனைந்த பொய், மெய்யைவிட நீண்ட ஆயுளைப் பெற்றது; பழம்பெருமை பேசும் பிற்போக்குக்கு உணவாயிற்று.

பாணியும் தகனமும்

இவ்விரண்டு பழைய பிழைகளையும், அதாவது ஏழைச் சட்டத்தின் தண்டத்தையும் எல்லிஸ் துரையின் பொய்யையும், ஒன்றாக இணைத்துச் செய்து காட்டியது 2019 இல் பதவிக்கு வந்த கோட்டாபய ராஜபக்ஷ அரசு. ஒரு வேறுபாடு உண்டு. எல்லிஸ் மெய்யான மருந்துக்காகப் பொய் சொன்னார். இவர்கள் பொய்யான மருந்துக்கே மேடை அமைத்துக் கொடுத்தார்கள்.

2020 நவம்பரில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி, நோய் நீங்க வேண்டி, மந்திரித்த நீர்க்குடத்தை ஆற்றில் இட்டார். டிசெம்பரில், காளி அருளியதாகச் சொல்லிக் கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணி மருந்தை அவர் பகிரங்கமாக அருந்தினார். அப்பாணியைப் பெறக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அடுத்த மாதம் அமைச்சரே நோய்க்கு ஆளானார்.

கேகாலை என்ற பெயர் நம் நினைவைக் கிளற வேண்டும். 1934–35 மலேரியாவில் பெரிதும் பாழான மண்களுள் அதுவும் ஒன்று. அன்று சூரியமல் இயக்கத்து இளைஞரும் யுவதிகளும், வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோரும் மருந்தும் பருப்பும் சுமந்து அக்கிராமங்களுக்குச் சென்றனர். என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மஹத்தயா' என்ற பெயரே வழங்கலாயிற்று. மக்களைக் கொல்வது காய்ச்சல் மட்டுமன்று, பசியும் அடிமை ஆட்சியும்தான் என்று அவர்கள் எடுத்துரைத்தனர். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936 தேர்தலில் அதே கேகாலையின் ருவன்வெல்லைத் தொகுதி மக்கள் என். எம். பெரேராவை அரசுசபைக்கு அனுப்பினர். அன்று படித்தவர்கள் மருந்தோடும் காரணத்தோடும் மக்களிடம் போனார்கள். 2020 இல் படித்தவர்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, பாணிக்கு முண்டியடித்த கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பதற்கு முன், அம்மக்களிடம் காரணத்தோடு சென்றவர் யார் என்று நம்மை நாமே கேட்டிருக்க வேண்டும்.

பாணியால் விளைந்த கேடு பெரிது. தகனத்தால் விளைந்த கேடு அதனினும் பெரிது. கொரோனாவால் இறந்தோரைப் புதைக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. ஆயினும் 2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானி, தகனத்தையே கட்டாயமாக்கியது. அதற்குக் கருவியாயிற்று 1897 ஆம் ஆண்டுத் தொற்றுத்தடுப்புச் சட்டம். அது வெள்ளையர் ஆட்சி விட்டுச்சென்ற சாட்டை. நிலத்தடி நீர் நஞ்சாகும் என்றார்கள்; அதற்கான விஞ்ஞான ஆதாரத்தை மக்கள் முன் வைக்கவில்லை. டிசெம்பரில், பிறந்து 20 நாளே ஆன முஸ்லிம் சிசு ஒன்று பெற்றோரின் சம்மதமின்றித் தகனம் செய்யப்பட்டது. பொரளைக் கனத்தை மயான வேலியில் மக்கள் வெண்துணி கட்டினர். பல இனத்தவரும் மதத்தவரும் கட்டினர். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை நடந்த பேரணியும் இக்கோரிக்கையை ஏந்திச் சென்றது. பெப்ரவரி 25 ஆம் திகதி அரசு பணிந்தது. அப்போதும் முதலிற் காட்டிய இடம் இரணைதீவு. தமது மண்ணுக்குத் திரும்புவதற்காகவே நெடுங்காலம் போராடிய தமிழ்க் கத்தோலிக்க மீனவரின் தீவு அது. ஒரு சிறுபான்மையின் துயரை மற்றொரு சிறுபான்மையின் தலையிற் சுமத்தும் தந்திரம் இது. மீனவரின் எதிர்ப்பின் பின்னரே ஓட்டமாவடியில் நல்லடக்கம் நடைபெற்றது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்தவை எரிந்தவையே.

புத்தளத்தில் வாழ்வோருக்கு இது தூரத்துச் செய்தியன்று. இம்மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினர். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டோரும் இங்கேதான் தஞ்சமடைந்தனர். தன் உம்மாவின் உடலை எரித்த அரசு நீட்டும் ஊசியை ஒருவன் ஐயத்தோடு பார்த்தால், அவனை அறியாதவன் என்பதா? வைத்தியசாலைக்குச் சென்றால் தகனம்தான் என்று அஞ்சி நோயை மறைத்தவர்கள் இருந்தனர். பொய் சொன்ன அதிகாரம் நோய்க்கே துணைபோயிற்று.

நோயைச் சுமந்தோரைக் குற்றவாளியாக்கும் வழக்கமும் அக்காலத்தில் ஓங்கியது. 2020 அக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத்தொழிற்சாலைப் பெண்கள் முதலிற் பழிக்கப்பட்டனர். பின்னர் பேலியகொடை மீன்சந்தை. மீன் தொட்டால் நோய் வரும் என்ற வதந்தியால் மீன்விலை சரிந்தது. பிடித்த மீனுக்கு வாங்குவாரின்றிக் கரைகள் தவித்தன. நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையிற் பச்சைமீனைக் கடித்துக் காட்டவேண்டிய நிலை வந்தது. தொற்றுத்தடுப்புச் செயலணிக்கு இராணுவத் தளபதியைத் தலைவராக்கிய நாட்டில், நோயாளி எதிரியாகத் தோன்றுவது வியப்பன்று.

மருத்துவிச்சியின் சைக்கிள்

இதே நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு மரபும் உண்டு. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அங்கிருந்து வளர்ந்த முறையின் உயிர்நாடி கிராமத்து மருத்துவிச்சி. நடந்தும் சைக்கிளிலும் அவள் வீடு வீடாகச் சென்றாள். கர்ப்பிணியின் பெயரறிவாள், எந்த வீட்டில் அரிசியில்லை என்பதும் அறிவாள். அவள் கொண்டுசென்ற ஊசியை மக்கள் நம்பினார்கள். 1978 இல் விரிவுபெற்ற தடுப்பூசித் திட்டம் வேரூன்றியது. 1993 க்குப் பின் இந்நாட்டில் இளம்பிள்ளைவாதம் கண்டதில்லை. இதற்கு இராணுவம் வேண்டியிருக்கவில்லை.

சமய நம்பிக்கை விஞ்ஞானத்துக்கு என்றும் பகை என்போரும் இதைச் சிந்திக்கலாம். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து, கத்தோலிக்கர் அல்லாதாருங்கூட, வருகின்றனர். பிள்ளையின் சுகத்துக்காக அன்னம்மாளிடம் நேர்ந்துகொள்ளும் தாய், அதே பிள்ளையைக் குறித்த நாளில் கிளினிக்குக்கும் தூக்கிச் செல்கிறாள். இரண்டுக்குமிடையே அவள் முரண்பாடு காணவில்லை. எனவே சிக்கல் பக்தியில் இல்லை. யார் வந்து, எந்த மொழியில், எவ்வாறு பேசுகிறார் என்பதிலேதான் இருக்கிறது.

மருந்துக் கம்பனிகள் பற்றிய விமரிசனத்தை நாம் கைவிடவேண்டும் என்பது இதன் பொருளன்று. அதனைக் கூர்மையாக்க வேண்டும். இந்தியா அளித்த 5 இலட்சம் ஊசிகளோடு 2021 ஜனவரி 29 இல் இங்கு பணி தொடங்கியது. பின்னர் இந்திய ஏற்றுமதி நின்றது. முதலாம் ஊசி பெற்ற ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இரண்டாம் ஊசிக்காக மாதக்கணக்கிற் காத்திருந்தனர். செல்வந்த நாடுகளோ தம் மக்கள்தொகையைவிடப் பன்மடங்கு ஊசிகளை முன்பதிவு செய்திருந்தன. காப்புரிமையைத் தற்காலிகமாக விலக்குக என்று இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வர்த்தக நிறுவனத்திற் கோரின. 2022 ஜூன்வரை இழுத்தடித்து ஒரு குறைத் தீர்மானமே கிடைத்தது. இளம்பிள்ளைவாத ஊசியைக் கண்ட ஜோனாஸ் சால்க் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. பொதுப்பணத்தில் வளர்ந்த விஞ்ஞானத்தைச் சிலர் தனியுடைமையாக்கியதே குற்றம். ரொட்டிக் கடைக்காரன் கொள்ளை இலாபம் அடிக்கிறான் என்பதால் ரொட்டி நஞ்சாகிவிடாது. ரொட்டி எல்லோருக்கும் கிடைக்கவில்லையே என்பதுதான் நம் வழக்கு.

ஊசியின் குறைகளையும் மறைக்கலாகாது. அஸ்ட்ராசெனகா ஊசி மிக அரிதாக இரத்தக்கட்டியை உண்டாக்கியது. எம்.ஆர்.என்.ஏ வகை ஊசிகள் அரிதாக, குறிப்பாக இளம் ஆண்களில், இதயத்தசை அழற்சியை உண்டாக்கின. தொற்றைத் தடுக்கும் ஆற்றல் நாளடைவிற் குறைந்தது. சாவைத் தடுக்கும் ஆற்றல் பெருமளவு நிலைத்தது. இவற்றைத் தொடக்கத்திலேயே மக்களுக்குச் சொன்னால் அஞ்சி ஓடுவர் என்று எண்ணிய அதிகாரிகள், எல்லிஸ் துரையின் வாரிசுகளே. சொல்லாமல் விட்டதை வதந்தி சொல்லிற்று. பத்து மடங்கு பெருக்கிச் சொல்லிற்று.

நமது கடமை

ஆகவே முற்போக்காளர் நிற்கவேண்டிய இடம் இரு சாராருக்கும் நடுவிலுள்ள சமரச இடமன்று. ஊசியை ஆதரிப்பதும் அரசைக் கண்டிப்பதும் நமக்கு ஒரே பணியின் இரு பகுதிகள். தடுப்பூசி மனித உழைப்பின் படைப்பு. எதிர்ப்பாற்றலைச் சாவின்றிப் பங்கிட மனிதன் கண்ட வழி. அதனைச் சந்தைப்பொருளாக்குவோரையும், தண்டமாக்குவோரையும், பொய்யோடு கலப்போரையும் எதிர்ப்பதே அதனைக் காக்கும் வழி. 'இயற்கையிடம் விட்டுவிடுவோம்' என்பது கலகமாகத் தோன்றலாம். இயற்கையிடம் விடப்படுவோர் எப்போதும் ஏழைகளே என்பதை 1934 காட்டியது, மனாவுஸ் காட்டியது.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதில் தனியான பங்குண்டு. நம் பாடசாலைகளில் தடுப்பூசி என்பது பரீட்சைக்கு ஒரு வரைவிலக்கணம். அதன் பின்னாலுள்ள வரலாற்றை, மலேரியாவை, மருத்துவிச்சியை, லெஸ்டர் தொழிலாளியை, ஓட்டமாவடியை நாம் கற்பிப்பதில்லை. ஐயுறும் மாணவனை அதட்டி அடக்குவது எளிது. அவன் ஐயத்துக்குச் சான்றோடு விடைகூறுவதும், 'இதற்குச் சான்று எங்கே?' என்று அமைச்சரையும் கம்பனியையும் கேட்க அவனைப் பழக்குவதும் கடினம். எழுத்தாளருக்கும் இதுவே பொருந்தும். கொள்ளைநோய்க் காலத்தைப் பற்றி நம் மொழியில் தனிமையின் சோகம் பாடிய கவிதைகள் பல வந்தன. மயான வேலியில் வெண்துணி கட்டிய கைகளையும், விற்காத மீனோடு கரையில் நின்ற பெண்ணையும், ஊசிப்பெட்டியோடு களப்பைக் கடந்த ஊழியரையும் எழுதியவர் சிலரே.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை எவரும் கூறமுடியாது. அது வரும்போது மருந்தைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் இருப்பார்கள். மக்களிடம் மெய்யைச் சொல்லவும், மெய்யைச் சொல்லுமாறு ஆட்சியை நெருக்கவும் யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. அந்த நம்பிக்கையை ஆய்வுகூடத்தில் தயாரிக்க இயலாது. மருத்துவிச்சி வீடு வீடாக நடந்து வளர்த்ததைப்போல, வகுப்பு வகுப்பாகவும் ஊர் ஊராகவும் நாம் இப்போதே வளர்க்கத் தொடங்க வேண்டும்.